விரிப்பின் அடியில் கறுப்பு மணல்

முதன்முதலாகப் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் ஒன்றுதான் சொல்வேன்: காலடி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். அதுவும் நான் கண்டுபிடித்ததல்ல.

எங்கள் கடற்கரை ஊரில், ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டு வாசலில் நின்ற வெள்ளைக் காரைக் கண்டதும் எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது. அப்படி மினுக்கி வைத்திருந்தார்கள். நான் ஹோர்ன் அடித்துப் பார்த்தேன், கதவைச் சாத்திப் பார்த்தேன், எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டினேன்.

“மலைநாட்டில, கண்டியில நிண்ட வாகனம். உப்புக் காத்தே படேல்லை,” என்றார் சொந்தக்காரர்.

கூட வந்த என் மனைவி குனிந்து விரிப்பைத் தூக்கினாள். கீழே ஒரு பிடி கறுப்பு மணல். புல்மோட்டைக் கடற்கரையில் மினுங்குகிற அதே மணல். அதை ஒதுக்கினால் தகரம் துருவேறி, விரல் பட்டதும் உதிர்ந்தது.

“கண்டிக்கும் கடல் வந்திட்டுதோ, அண்ணை?” என்று கேட்டாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத்தான் கோபம், என்மேல்.

பிறகு வேறு கார் வாங்கினோம். கடலுக்குப் போனால் கால் கழுவாமல் ஒருவரும் ஏறக்கூடாது என்று நான் சட்டம் போட்டேன். போன கிழமை விரிப்பைத் தூக்கினால் மணல். நடுவில் மகள் பொறுக்கிய சிப்பி வேறு. சத்தம் போட்டேன்.

மனைவி சிப்பியை எடுத்து ஊதினாள். “காரை விக்கேக்க உள்ளதைச் சொல்லி விப்பம். நாங்கள் என்ன கண்டியிலயா இருக்கிறம்?”