கஞ்சி நாடகத்துக்குக் கிடைத்த பர்மிட்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் நாடகம் என்றால் எல்லோருக்கும் ஒரே நாடகம்தான். ஊருக்கே மனப்பாடமான கதை, ஊருக்கே மனப்பாடமான பாட்டு. ராஜபார்ட் வாயைத் திறப்பதற்கு முன்பே கூட்டம் பாடி முடித்துவிடும். எனக்கு அது பிடிக்காது. தெரிந்த பாட்டைக் கேட்பதற்கு எதற்குப் பாய் விரித்து இடம் பிடிக்க வேண்டும்?

எனக்குப் பிடித்தவை யாரும் கேட்காத இசை நாடகங்கள். ஒரு தடவை போட்டு, கூட்டம் சேரவில்லை என்று நடித்தவர்களே மறந்துபோனவை. ஒன்றில் கிணற்றுக் கயிறு யாருக்கு என்று இரண்டு சக்களத்திகள் ஏழு பாட்டுப் பாடிச் சண்டை போடுவார்கள். இன்னொன்றில் உப்பு விற்கும் பெண் ஒருத்தி சுங்கச்சாவடிக்காரனைப் பாடியே தூங்க வைத்துவிட்டுப் போய்விடுவாள். இதையெல்லாம் சொன்னால் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். கிறுக்கி என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கோல சிலாங்கூர் பட்டணத்தில் ஒரு தமிழ் முஸ்லிம் மளிகைக் கடை இருந்தது. அந்தக் கடைக்காரர் பாட்டுப் புத்தகங்களும் விற்பார். விலை போகாததைக் கிழித்து மிளகு, சீரகம் மடித்துக் கொடுப்பார். நான் கடைக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது அந்தக் கிழிக்கிற கட்டைத்தான்.

"ஐயோ, அதக் கிழிக்காதீங்க நானா!"

"இது ஓடாத சரக்கும்மா."

"ஓடாததுதான் எனக்கு வேணும்."

அப்படிக் காப்பாற்றியதுதான் அந்தப் புத்தகம். அட்டையும் முதல் நான்கு பக்கமும் ஏற்கெனவே மிளகோடு போய்விட்டதால் நாடகத்தின் பெயர் யாருக்கும் தெரியாது. கதை சின்னது. மந்திரி செய்த சூழ்ச்சியால் நாட்டை இழந்த ராஜா காட்டில் ஒளிந்திருக்கிறார். ராணி கூலிக்காரி வேஷத்தில், காவல்காரனைத் தாண்டி, தினமும் கஞ்சிக் கலயம் சுமந்துபோய் அவருக்குக் கொடுக்கிறாள். அவ்வளவுதான். சண்டை கிடையாது, கடைசியில் சாமி வந்து வரம் கொடுப்பது கிடையாது. கஞ்சி கொடுக்கும்போது ராணி பாடுகிற பாட்டுதான் நாடகமே.

*ஆறுமுன்னே கொண்டுவந்தேன் அன்பரே இக்கஞ்சி*
*ஆறவில்லை நீர் பசித்தால் அடியாள் இந்த நெஞ்சு*

நான் வாசித்துக் காட்டியதிலிருந்து லயத்தில் அதற்குக் 'கஞ்சி நாடகம்' என்றே பெயர் விழுந்தது. கிண்டலாகத்தான்.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு கேட்டை மூடினால் காலையில்தான் திறப்பார்கள். வேலைக்குப் போகும்போது ஒரு பருக்கைச் சோறுகூட வெளியே கொண்டுபோக முடியாது. கேட்டில் வரிசையாக நிற்போம். இரண்டு கையையும் மேலே தூக்குவோம். தடவிப் பார்ப்பார்கள், தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து பார்ப்பார்கள், பிறகு "ஜாலான்", அதாவது நட, என்பார்கள். அப்புறம்தான் நடக்கலாம்.

நான் பிறந்தது செரண்டா பக்கத்துத் தோட்டத்தில். அங்கே என் அம்மா ஒன்பது மணிக்கு மரம் சீவுவதை நிறுத்திவிட்டு, தூக்குவாளிக் கஞ்சியோடு அப்பாவின் மர நிரைக்குப் போவாள். இரண்டு பேரும் ஒரே மரத்தடியில் பசியாறுவார்கள். கல்யாணமானால் நானும் அப்படிப் போவேன் என்று நினைத்திருந்தேன். நான் கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த வருஷம்தான் வேலியும் வந்தது. என் புருஷன் கால்வாய்க்கு அந்தப் பக்கம் மரம் சீவுவார், நான் இந்தப் பக்கம். ஒன்பது மணிக்கு இரண்டு பேருக்கும் வயிறு இரையும். ஒரு நாள்கூட நான் அவருக்குக் கஞ்சி கொண்டுபோனதில்லை. எனக்கு அது தாங்கமுடியாத குறையாக இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

மாரியம்மன் திருவிழா வந்தது. நாடகம் போட்டாக வேண்டும். ஆனால் எல்லோருக்கும் பிடித்த அந்தப் பெரிய நாடகம் விடிய விடிய நடப்பது. ஆர்மோனியக்காரர் ஜெராமிலிருந்து வரவேண்டும். கேட் மூடுவதற்குள் அவர் திரும்பியாக வேண்டும். கோயில் முன்னால் கூட்டம் போட்டுப் பேசினார்கள். எப்போதும் ராஜபார்ட் போடுகிறவர் எங்களை வேலை வாங்குகிற மண்டோர். அவர், பாதி நாடகத்தை வெட்டிப் போட்டால் சாமி குத்தம் என்று ஒரே பிடியாக நின்றார்.

நான் பெண்கள் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தேன். "கஞ்சி நாடகம் மூணரை மணி நேரந்தாண்ணே. ரெண்டு மணிக்குத் தொடங்கினா அஞ்சரைக்கு மங்களம் பாடிறலாம்."

சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார்கள். வேறு வழியில்லை. ஊரடங்குச் சட்டத்தால் அந்தத் தோட்டத்தில் நன்மை அடைந்த ஒரே ஆள் நான்தான்.

ராணி வேஷம் யாருக்கு என்ற பேச்சே எழவில்லை. அந்தக் காலத்தில் பெண் வேஷமும் ஆண்கள்தான் போடுவார்கள். எங்கள் தோட்டத்தில் அந்தக் குரல் ஒரே ஒருத்தருக்குத்தான் இருந்தது, என் புருஷனுக்கு. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அவர் வேஷம் போடுவதை விட்டிருந்தார்.

"பொண்டாட்டி முன்னுக்குச் சேலை கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா? வெக்கமா இருக்கு புள்ள."

"என் சேலையைத்தானேங்க கட்டப் போறீங்க? அதுல என்ன வெக்கம்?"

இரண்டு நாள் முறைத்தார். மூன்றாம் நாள் குளித்துவிட்டு வரும்போது அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். நான் கேட்காதது போல விறகைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

நாடகத்துக்குப் போலீஸ் பர்மிட் வேண்டும். கதையை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதியவர் எங்கள் கிராணி. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிறவர், பொய் எழுதத் தெரியாத மனுஷர். 'காட்டில் ஒளிந்திருக்கும் கணவனுக்கு மனைவி ரகசியமாகச் சோறு கொண்டுபோகும் கதை' என்று உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டார். காகிதம் குறுக்கே சிவப்புக் கோடு போட்டுத் திரும்பி வந்தது.

"ஏன் கிராணி ஐயா, ராஜா கோயில்ல இருக்காருன்னு எழுதினா கொறைஞ்சா போயிடும்?" என்று கத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாவம், மறுபடியும் போய்க் கெஞ்சினார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு பர்மிட் கிடைத்தது. கலயம் மேடைக்கு வரலாம், ஆனால் வெறுங்கலயமாக வரவேண்டும். உள்ளே சாப்பாடு இருந்தால் நாடகம் அங்கேயே நிற்கும், கொண்டுவந்தவர் ஸ்டேஷனுக்குப் போவார்.

ஒத்திகையில்தான் எனக்குக் கோபம் வந்தது. வெறுங்கலயத்தை இடுப்பில் வைத்து என் புருஷன் நடந்தால் எதுவுமே சரியாக வரவில்லை. இடுப்பு பொய் சொன்னது, கை பொய் சொன்னது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். தண்ணீர் துள்ளும். கஞ்சி துள்ளாது, மெதுவாக அசையும். சுமக்கிறவளும் அதற்கேற்றபடி மெதுவாகத்தான் நடப்பாள். வீட்டுக்குள் உண்மையான கஞ்சியோடு ஒரு தடவை நடக்கச் சொன்னேன். அடுப்படியிலிருந்து வாசல்படி வரைக்கும் நடந்து வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ராணியே வந்துவிட்டாள்.

நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல், நல்ல வெயில். ஆனாலும் விளக்கு ஏற்றாமல் நாடகம் தொடங்குவது எப்படி என்று மேடையின் முன்னால் இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்குகளை ஏற்றி வைத்தார்கள். அவற்றின் வெளிச்சம் யாருக்கும் தெரியவில்லை. முன்வரிசையில் கிராணி. அவருக்குப் பக்கத்து நாற்காலியில், தினமும் காலையில் கேட்டில் ஆண்களைச் சோதிக்கிற இளவயது மலாய் ஸ்பெஷல் போலீஸ்காரர், துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு.

நான் படுதாவுக்குப் பின்னால் இருந்தேன். என் வேலை, ராணி கையில் கலயத்தை எடுத்துக் கொடுப்பது. வெறுங்கலயம்தான் கொடுத்திருக்க வேண்டும். நான் கஞ்சி ஊற்றி, வாழையிலையால் மூடிக் கொடுத்தேன்.

நல்ல நாடகம் கெட்டுப்போகக் கூடாது என்றுதான் ஊற்றினேன் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி கோபம். ஒரு நாளாவது என் கையால் அவருக்குக் கஞ்சி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்ற பிடிவாதம். கலயம் கைக்குப் போனதும் அவருக்குக் கனம் தெரிந்துவிட்டது. அரிதாரம் பூசிய முகத்தோடு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆர்மோனியம் தொடங்கிவிட்டது. போய்விட்டார்.

என்ன நடை! கூட்டத்தில் பேச்சு நின்றது. காவல்காரனாக வேஷம் போட்டவர் ஈட்டியை நீட்டி, கலயத்தில் என்ன என்று பாடினார். 'கஞ்சி' என்று ராணி பதில் பாடியதும் முன்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. அந்தச் சொல் போலீஸ்காரருக்கும் தெரியும். அவர் எழுந்து துப்பாக்கியோடு மேடைக்கு வந்தார்.

அப்போதுதான் என் புருஷன் அதைச் செய்தார். யோசித்துச் செய்ததல்ல. அந்தப் போலீஸ் சட்டையைக் கண்டதும், தினமும் காலையில் செய்கிற மாதிரியே, கலயத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கி நின்றார். என் சேலை, வளையல், நெற்றிப்பொட்டோடு ராணி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அவளைப் பார்த்து அரண்மனைக் காவல்காரனும் ஈட்டியோடு சேர்த்துக் கையைத் தூக்கிவிட்டான். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. பாதியிலேயே சிரிப்பு அடங்கிவிட்டது. நாங்கள் எல்லோரும் தினமும் நிற்பது இப்படித்தான் என்று அன்றைக்குத்தான் பார்த்தோம்.

போலீஸ்காரர் குனிந்து வாழையிலையைத் தூக்கினார். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். என் கிறுக்கால் என் புருஷனைக் கொண்டுபோய்ச் சிறையில் வைக்கப் போகிறேனே என்று நினைத்தேன். போலீஸ்காரர் கலயத்துக்குள் பார்த்தார். நிமிர்ந்து, கையைத் தூக்கியபடி நிற்கும் ராணியைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"கோசோங்," என்றார் கிராணிக்குக் கேட்கும்படி. மலாயில், காலி என்று அர்த்தம்.

இலையைப் பழையபடி மூடினார். ராணியிடம், "ஜாலான்," என்றார். போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கேட் திறந்துவிட்ட மாதிரி கூட்டம் ஓவென்று கத்தியது. என் புருஷன் கலயத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பாட்டைப் பாடினார். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, நான் அப்படி ஒரு பாட்டைக் கேட்டதில்லை. பாடும்போது குரல் நடுங்கியது. கூட்டம் அதை நடிப்பு என்று நினைத்தது. ராஜாவான மண்டோர் வெறுங்கலயம்தானே என்று தாராளமாக வாயில் கவிழ்த்தார். கஞ்சி வந்ததும் கண்ணை அகல விரித்தார். பிறகு மூச்சு விடாமல் முழுவதையும் குடித்துவிட்டு, அடுத்த பாட்டை மறந்துவிட்டார். ஆர்மோனியக்காரர் அந்த அடியை மூன்று தடவை வாசிக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து என் புருஷன் தேங்காயெண்ணெய் தேய்த்து அரிதாரத்தைத் துடைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "தப்புதாங்க," என்றேன்.

"தப்புதான்லா," என்றார். எண்ணெய்த் துணியைக் கீழே போட்டுவிட்டு, "எனக்குக் கொண்டாந்த கஞ்சிய மண்டோர் குடிச்சிட்டான்," என்றார்.

மறுநாள் கேட்டில் அந்தப் போலீஸ்காரர் என் புருஷனை எப்போதையும்விடக் கடுமையாகச் சோதித்தார். தேத்தண்ணியை முகர்ந்துகூடப் பார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை. நேற்று அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

அன்று ஒன்பது மணிக்கு வயிறு இரைந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து ராணியின் குரலில் பாட்டு வந்தது. ஆறுமுன்னே கொண்டுவந்தேன். நான் கத்தியை இறக்கிவிட்டு இரண்டாவது அடியைப் பாடினேன். அதற்குப் பிறகு மழை இல்லாத நாளெல்லாம் ஒன்பது மணிக்கு எங்களுக்கு அதுதான் பசியாறல். யாரும் கேட்காத நாடகத்தை இரண்டு பேர் தினமும் போட்டுக்கொண்டிருந்தோம்.

சில வருஷம் கழித்து எங்கள் பக்கம் கட்டுப்பாடு தளர்ந்தது. சோறு கொண்டுபோகலாம் என்று, காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டில் சொன்ன மறுநாளே நான் தூக்குவாளியில் கஞ்சி எடுத்துப் போனேன். ஒன்பது மணிக்குக் கால்வாய்ப் பலகையைத் தாண்டி அவருடைய நிரைக்கு நடந்தேன். கஞ்சி துள்ளாமல், மெதுவாக. அவர் வாங்கி, மரத்தடியில் உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தார்.

"பாட்டு எங்கங்க?" என்றேன்.

வாய் நிறையக் கஞ்சி. தூக்குவாளியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து இரண்டு கையையும் மேலே தூக்கினார்.