சொன்ன இடத்திலேயே மன்னிப்பு

கருவாடு காயப்போடும் வாடியின் முதலாளி என்னைக் கள்ளி என்றார். பன்னிரண்டு பெண்கள் மீன் கிழித்துக்கொண்டிருந்த இடத்தில், உரக்க. காணாமல்போன கருவாட்டு மூட்டை மறுநாளே லொறிக்காரனிடம் அகப்பட்டது. சொன்ன சொல்லை மட்டும் அவர் திருப்பி எடுக்கவில்லை. கற்பிட்டிக் கரையில் கள்ளிப் பட்டம் விழுந்தவளுக்கு வேறெந்த வாடியும் வேலை தராது. எனக்குப் பற்றியெரிந்தது. கூட வேலை செய்தவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "எங்கட பொழப்பும் போயிரும் ராத்தா" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். நல்லா இருங்கடி என்று ஏசிவிட்டுத் தனியாகவே பொலிஸுக்குப் போனேன்.

சிறு முறைப்பாடுகள் எழுதும் சார்ஜன்ட் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார்.

"இது சின்ன விசயம் அக்கா. ரெண்டு பேரையும் கூப்பிட்டுச் சமாதானமாக்கி விடுறன்" என்றார். நான் சொல்லச் சொல்லச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வைக்கப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

"வாசிச்சுக் காட்டுங்க சேர். வாசிக்காம வைக்க மாட்டன்."

வாசித்துக் காட்டுவது அவருடைய கடமை. கேட்க எனக்கென்ன வெட்கம்? அவர் வாசிக்கக் கேட்டால், இருவருக்கும் வாய்த்தர்க்கம் என்று எழுதி வைத்திருக்கிறார்!

"அல்லாஹ்வே! தர்க்கம் எண்டா ரெண்டு பேரும் கத்தணும். அவர்தான் கத்தினாரு. நான் ஒரு சொல்லுச் செல்லல்ல."

பெருமூச்சு விட்டு அதை வெட்டினார். வெட்டிய இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடியே எழுதினார்.

அடுத்த நாள் கூப்பிட்ட நேரத்துக்கு முதலாளி வந்தார். "மன்னிச்சிக்கங்க தங்கச்சி" என்று மேசையைப் பார்த்துச் சொன்னார். விசயம் முடிந்ததென்று சார்ஜன்ட் என்னிடம் பேனையை நீட்டினார்.

"கள்ளி எண்டு செல்லேக்க பன்னெண்டு பேர் கேட்டாங்க. மன்னிப்பு மட்டும் உங்கட ஒராள்ர காதுல விழுந்தாப் போதுமா சேர்?"

"அப்ப மத்தியஸ்த சபைக்கு அனுப்பவா?"

"அனுப்புங்க. அங்கயும் இதத்தான் செல்லுவன்."

சபைக்குப் போனால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று முதலாளி பயந்திருக்க வேண்டும். வாடிக்கே வந்து சொல்வதாக ஒப்புக்கொண்டார். சார்ஜன்ட்டும் சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளில் கூட வந்தார்.

"மூட்டைய இவ எடுக்கல்ல. நான் சொன்னது பிழை" என்றார் முதலாளி. பன்னிரண்டு பேரும் கேட்டார்கள். சார்ஜன்ட்டின் குறிப்புப் புத்தகத்தில் நன்றாக அழுத்திக் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவு சந்தோசம் எனக்கு.

அவர் புத்தகத்தை மூடப்போகையில், ஓரத்தில் இருந்த ஒருத்தி எழுந்து வந்தாள்.

"சேர், போன வருசம் என்னையும் இந்த இடத்துல வச்சுத்தான் கள்ளி எண்டாரு. அதையும் எழுதுங்க."

"சாட்சி இருக்கா?"

எல்லோரும் குனிந்து மீன் கிழிக்கத் தொடங்கினார்கள். முதலாளி அவளை ஏசிய நேரம் நான் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நிமிராமல் மீன் கிழித்துக்கொண்டிருந்தேன்.

"ஓம் சேர்" என்றேன். "நான் இருந்தன். எழுதுங்க."