நீல மூடி மேலே, வெள்ளை மூடி கீழே

கடலடிச் சேற்றைத் தோண்டி எடுத்துப் பழங்காலத்து மழையைப் படிப்பது என் தொழில் என்று சொன்னால், கேட்கிறவர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் என் அப்பாவைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் "தம்பி என்ன பண்ணுதிய?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பாயசம் ஆறிப்போன அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். உங்கள் தொழில் எதுவானாலும் சரி, நாம் ஒரே பந்திதான்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. கடலின் அடியில் வருஷா வருஷம் சேறு படிகிறது. அதில் ரவையைவிடச் சின்ன உயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் கிடக்கும். அவை உயிரோடு இருந்த காலத்தில் மழை நன்றாகப் பெய்ததா, ஏமாற்றிவிட்டுப் போனதா என்பதை அந்த ஓடுகளைச் சோதித்துச் சொல்லலாம். மேலே இருப்பது புதுசு, கீழே போகப் போகப் பழசு. இவ்வளவுதான் எங்கள் வேதம். மேல் எது கீழ் எது என்பதில் படித்தவன் எவனாவது தப்புப் பண்ணுவானா என்று நானும் ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முத்தும் இல்லை, சங்கும் இல்லை

எங்கள் வீடு மில்லர்புரத்தில். அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. ஆராய்ச்சியில் சேர்ந்து கப்பலுக்காக மூன்று வருஷம் காத்துக் கிடந்தேன். ஆராய்ச்சிக் கப்பல் என்ன டவுன் பஸ்ஸா, அடுத்தது வரும் என்று நிற்பதற்கு? கடைசியில் மன்னார் வளைகுடாவில் வேலை செய்ய இரண்டே இரண்டு நாள் கொடுத்தார்கள், அதுவும் நம் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்தே. என் உதவித்தொகை முடிய ஒரு வருஷம்தான் பாக்கி. அந்த இரண்டு நாளில் நல்ல சேறு கிடைத்தால் எனக்குப் பட்டம். கிடைக்காவிட்டால் கடையில் வந்து உட்கார்ந்து பருப்பு நிறுக்க வேண்டியதுதான் என்று அப்பா ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

கிளம்புகிற அன்று காலையில் அப்பாவிடம் சொல்லிக்கொள்ளக் கடைக்குப் போனேன். விளாத்திகுளத்திலிருந்து மிளகாய் வத்தல் கொண்டுவரும் அண்ணாச்சி மூட்டை மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கடலுக்குப் போய் என்ன எடுக்கப் போகிறேன் என்று கேட்டார். சேறு என்றேன். முத்து இல்லையா என்றார். இல்லை. சங்கு? அதுவும் இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினார்: "சேறுதான் வேணும்னா ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்க ஊரு கம்மாயில அள்ளி வத்தல் லாரியிலயே போட்டு அனுப்பியிருப்பேன்லா. அதுக்குப் போயி பெத்த பிள்ளையக் கடலுக்கு அனுப்புதியளே!"

ஒரு கை போதும்

அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் நிறையக் கொடுத்துவிட்டிருந்தாள். வாயில் ஒரு துண்டு போட்டு அடக்கிக்கொண்டால் குமட்டாது என்பது அவள் சொன்ன வைத்தியம். துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டிய அரை மணி நேரத்தில் ஊறுகாய், காலையில் தின்ற இட்லி எல்லாம் வளைகுடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. நாலு மாடி உயரக் கப்பல் இப்படியா ஆடும்? 'செத்தேன், என்னை இறக்கிவிடுங்கள்' என்று யாரிடமாவது கெஞ்சலாம் என்று திரும்பினால் பின்னால் எங்கள் மேடம் நிற்கிறார்.

மேடம்தான் எனக்கு ஆராய்ச்சி வழிகாட்டி. தாமிரபரணிக் கரையில் வயலும் வாய்க்காலுமாக இருக்கும் ஒரு ஊர்க்காரர். ஆள் ஐந்தடி, பேச்சு அதைவிடக் குட்டை. அவருக்கும் குமட்டல்தான். ஆனால் இடது கையில் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கப்பல் இருக்கிற இடத்தையும் ஆழத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நான் எழுத வேண்டிய நோட்டு அது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அதை நீட்டினார்: "வாந்தி எடுக்கதுக்கு ஒரு கை போதும். இந்தா, இன்னொரு கையால எழுது."

குழாய் சொன்ன உண்மை

சேறு எடுக்கிற கருவி ரொம்ப எளிமையானது. நீளமான இரும்புக் குழாய், அதன் தலையில் பெரிய எடை, உள்ளே உறை மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய். கம்பியில் கட்டி இறக்கினால் சேற்றில் குத்தி நிற்கும், இழுத்தால் சேற்றோடு வரும். அந்தக் கம்பியை இறக்கி ஏற்றும் விஞ்சை ஓட்டுகிறவர் சூசை அண்ணன். பெரியதாழைக்காரர். சின்ன வயதிலிருந்து வலையும் படகுமாக இருந்துவிட்டுக் கப்பல் வேலைக்கு வந்தவர்.

முதல் நாள் முதல் இடத்தில் நிறுத்தினோம். வரைபடம் சேறு என்றது, கப்பலின் எதிரொலிக் கருவியும் சேறு என்றது. சூசை அண்ணன் மட்டும் கரைப் பக்கம் எதையோ அடையாளம் பார்த்துவிட்டு, அடியில் பார் கிடக்கிறது, வேண்டாம் என்றார். எங்கள் பக்கம் பார் என்றால் சிப்பி ஒட்டிக் கிடக்கும் கடலடிப் பாறை. நான் கம்ப்யூட்டர் திரையைக் காட்டி அவருக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. அவர் கம்பியை இறக்கினார். இரும்புக் குழாய் மேலே வந்தபோது நுனி கொக்கி மாதிரி வளைந்து, உள்ளே கை அகலப் பவளக்கல் ஒன்று சிக்கியிருந்தது. குழாயை மாற்றிக் கட்டுவதற்குள் அந்த நாள் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்ன குழாய் இது, சரியான சவக் குழாய் என்று கத்தினேன். சூசை அண்ணன் கல்லை எடுத்து என் கையில் வைத்தார்: "குழாய எதுக்குத் தம்பி ஏசுதே? அது போயிப் பாத்துட்டு வந்து உள்ளதச் சொல்லிருக்கு."

கட்டிப்பிடி

இரண்டாம் நாள் அவரிடமே இடம் கேட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன். அவர் சொன்னபடி தெற்கே ஆழத்துக்குப் போய் இறக்கினோம். இழுக்கும்போதே விஞ்சு முனகியது. குழாய் நிறையச் சேறு! பச்சை கலந்த கறுப்பில், அழுகின முட்டை நாற்றத்தோடு. அந்த நாற்றத்தை நான் மூச்சு முட்ட இழுத்து அனுபவித்தேன். அது என் பட்டத்தின் வாசனை அல்லவா?

அடுத்த வேலையை அவசரமாகச் செய்ய வேண்டும். சூசை அண்ணன் பிளாஸ்டிக் குழாயை ஒவ்வொரு மீட்டராக ரம்பத்தால் அறுத்துக் கொடுப்பார். நான் ஒவ்வொரு துண்டுக்கும் மேல் நுனியில் நீல மூடி, கீழ் நுனியில் வெள்ளை மூடி போட்டு எண் எழுத வேண்டும். மேடம் இன்னும் ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கேப்டனிடம் கெஞ்சப் போயிருந்தார். மழை பிடித்துக்கொண்டது, கப்பல் தொட்டில் மாதிரி ஆடியது, நான் சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் ஒரு துண்டைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். சட்டையெல்லாம் சேறு. சூசை அண்ணன் ரம்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்: "ஏலே, கட்டுன பொண்டாட்டியக்கூட எவனும் இப்பிடிக் கட்டிப்பிடிச்சிருக்க மாட்டான். மூடியப் போடுடே மொதல்ல!"

ஐஸ் வைத்த சேறு

துறைமுக வாசலில் எங்கள் வேனை நிறுத்தினார்கள். பெட்டியில் என்ன? சேறு. சேறு மட்டுமா? சேறு மட்டும்தான். காவலுக்கு நின்றவருக்கு நம்பிக்கை வரவில்லை. வாய் விட்டுச் சொல்லவில்லையே தவிர, உள்ளே ஏதோ மறைத்துவைத்திருக்கிறோம் என்று அவர் கண் சொன்னது. பெட்டியைத் திறந்து குழாய்களைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார். ஒரு மூடியைக் கழற்றி விரலை விடப் போனவரை நான் காலில் விழாத குறையாகத் தடுத்தேன்.

கடிதம், முத்திரை, கையெழுத்து எல்லாம் பார்த்த பிறகு பெட்டியை மூடினார். ஆனால் அவருக்கு மனசு ஆறவில்லை. தூரத்தில் கப்பல் வரும் பாதையை ஆழப்படுத்திக்கொண்டிருந்த இயந்திரத்தைக் கை காட்டினார்: "அங்கன பாருங்க, ராப்பகலா இதே சேத்த அள்ளி வெளிய கொண்டு கொட்டுதான். நீங்க என்னடான்னா ஐஸ் பெட்டியில வச்சு ஊருக்குள்ள கொண்டு போறிய!"

அப்பாவுக்கும் புரியவில்லை

பிறகு ஏழு மாதம் மைக்ராஸ்கோப்தான். ஈரம் தொட்ட மெல்லிய தூரிகையால் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். கண் எரியும், கழுத்து இற்றுப்போகும். எல்லாத் துண்டுகளையும் முடித்து வரைபடம் போட்டபோது எனக்கே மூச்சு நின்றது. கீழிருந்து மேலாக மழை மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு வருகிறது. மூன்றாம் துண்டு தொடங்கும் இடத்தில் திடீரென்று எகிறுகிறது, துண்டு முழுக்க இறங்குகிறது, முடிகிற இடத்தில் மறுபடி ஒரே எகிறு. இப்படி யாரும் பார்த்ததில்லை. மேடம் வெகு நேரம் பார்த்துவிட்டு முதல் தடவையாக எனக்கு டீ வரவழைத்தார். வெளிநாட்டுக் கருத்தரங்கில் நான் பேசுவதாக முடிவானது. அங்கேயே ஒரு ஆய்வகத்தில் வேலைக்கும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

அப்பா கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கல்கண்டு கொடுத்தார். நான் அந்தப் பக்கமாகப் போனபோது அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது தெருவரைக்கும் கேட்டது: "எம் மவன் அந்தக் காலத்து மழையக் கண்டுபுடிச்சிருக்கான். என்ன ஏதுன்னு எங்கிட்ட கேக்காதிய, எனக்கே புரியல. பெரிய விஷயம்னு மட்டும் தெரியுது."

பெய்த மழை

கருத்தரங்குக்குப் படம் சரிபண்ணிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் சுருக்கென்று ஒன்று உறைத்தது. மழை எகிறின இரண்டு இடமும் ரம்பம் வைத்த இடம். அந்தக் காலத்து மழைக்கு சூசை அண்ணன் எங்கே அறுக்கப் போகிறார் என்று எப்படித் தெரியும்? குளிர் அறைக்கு ஓடினேன். மிச்சச் சேற்றோடு குழாய்த் துண்டுகள் அங்கேதான் இருந்தன. கப்பல் ஆடிய ஆட்டத்தில் ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு விதமாகக் கோணலாக விழுந்திருந்தது. மூன்றாம் துண்டை இரண்டாம் துண்டோடு சேர்த்து வைத்தேன். விரல் நுழையும் இடைவெளி. எப்படி உருட்டிப் பார்த்தும் சேரவில்லை. துண்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். நூல் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. அந்த ஒரு துண்டுக்கு நான் மூடியை மாற்றிப் போட்டிருக்கிறேன். சேற்றின் வயது பார்க்க அந்தத் துண்டிலிருந்து ஒரே ஒரு மாதிரிதான் அனுப்பியிருந்தோம், இரண்டு அனுப்பியிருந்தால்தானே எது மூத்தது எது இளையது என்று தெரியும்.

நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பொய் சொல்வானேன், சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த வெட்டுகளை யார் சேர்த்துப் பார்க்கப் போகிறார்கள்? உதவித்தொகை முடிய மூன்று மாதம்தான். அப்பா முகம் வேறு கண் முன்னால். ஐந்தாம் நாள் இரண்டு துண்டுகளையும் தூக்கிக்கொண்டு போய் மேடம் மேஜையில் வைத்துச் சொல்லிவிட்டேன். அவர் தானே இரண்டு விதமாகவும் சேர்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். அரை மணி நேரம் என்னைக் காய்ச்சி எடுத்தார், அதை இங்கே எழுத முடியாது. பிறகு கருத்தரங்குக்காரர்களுக்கு 'தவறு என்னுடையது' என்று தன் பெயரிலேயே கடிதம் எழுதினார். நான் திருத்திப் போட்ட வரைபடத்தைக் கையில் எடுத்தார். எகிறலும் இல்லை, இறக்கமும் இல்லை, மெல்ல ஏறுகிற சாதாரணக் கோடு. அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்: "முன்ன இருந்தது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இதுதான் பெஞ்ச மழை. இத எழுது."

பெரியதாழைக்கு ஒரு போன்

எழுதினேன். பட்டம் வந்தது, வெளிநாடு வரவில்லை. இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். முதுகு வலி வந்த பிறகு கப்பலில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். சில நாள் வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போதே விஞ்சின் முனகல் காதில் விழும். அந்த அழுகின முட்டை நாற்றத்துக்கு ஏங்குகிறவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். ஏக்கம் தாங்காமல் போன மாதம் சூசை அண்ணன் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். வேலையை விட்டுவிட்டுப் பெரியதாழையில் வீட்டோடு இருக்கிறார். குரல் மட்டும் அப்படியே, காற்றை மீறிக் கத்துகிற அதே குரல்.

அவரிடம் இதுவரை சொல்லாததை அன்றைக்குத்தான் சொன்னேன். உங்கள் கோணல் வெட்டுத்தான் அண்ணே என் மானத்தைக் காப்பாற்றியது, இல்லாவிட்டால் உலகத்துக்கே பொய் மழையைக் காட்டியிருப்பேன் என்று நன்றி சொன்னேன். வெளிநாட்டு வேலை போன கதையையும் மறைக்கவில்லை. அவர் யாருக்கோ சாவு சொல்கிற மாதிரிப் பையப் பேசினார்: "மன்னிச்சிக்கடே தம்பி. அன்னைக்கு நான் மட்டும் கொஞ்சம் நேரா அறுத்திருந்தா, நீ இந்நேரம் நல்லா இருந்திருப்பேல்லா."

ஆக, அந்தக் காலத்து மழையை என் இஷ்டத்துக்குப் பெய்ய வைத்தும் ஒரு விவசாயிகூட என்னிடம் சண்டைக்கு வரவில்லை, இந்தத் தொழிலில் உள்ள ஒரே சௌகரியம் அதுதான்.