வுப்பர்டாலில் தொங்கும் ரயில்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். அச்சுக் கோக்கிறவர் திருத்திக்கொள்ள வேண்டும், வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ரொறன்ரோவிலிருந்து ஐரோப்பா போய்வருகிறவர்கள் பாரிசையும் லண்டனையும்தான் எழுதுகிறார்கள். நான் போன ஊரைப் பற்றி ஒருவரும் எழுதக் காணவில்லை.

1996 ஆவணி, வெள்ளிக்கிழமை. ஜேர்மனியின் பிராங்பேர்ட்டுக்கு விமானத்தில் ஏழரை மணித்தியாலம். அங்கிருந்து ரயிலில் கொலோன். மாறி ஏறினால் அரை மணித்தியாலத்தில் வுப்பர்டால். எனக்கு வயது நாற்பத்து நான்கு. அங்கே வசந்தி என்பவரை எனக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். நான் வேலைசெய்யும் பாண் பேக்கரியில் கிடைத்த லீவில் அந்த ஊருக்கு மூன்று நாள்தான் மிஞ்சியது.

அன்று மாலை தேத்தண்ணி தரும்போதே வசந்தியின் அக்கா விஷயத்தைச் சொல்லிவிட்டார். இரு வீட்டாரும் சம்மதித்தது போதாதாம். மாப்பிள்ளை தன் வாயால் கேட்டால்தான் வசந்தி மறுமொழி சொல்வாராம். எனக்கு அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை.

சனி காலை ஒன்பது மணி. வாயால் முடியாததைக் காரியத்தால் காட்டலாம் என்று ஸ்டேசனுக்குப் போனேன். பாஷை தெரியாததால் கொலோன் தேவாலயத்தின் படத்தைக் காட்டி மூன்று ரிக்கற் வாங்கினேன். போய்வர ஆளுக்கு இருபத்து நான்கு மார்க். மூன்றாவது ரிக்கற் அக்காவுக்கு. கலியாணத்துக்கு முன் தனியே கூட்டிப்போவது முறையல்லவே. ஒருவரையும் கேட்காமல்தான் வாங்கினேன்.

வசந்தி ரிக்கற்றை வாங்கிப் பார்த்தார்.

“நான் அங்க வரேலாது. என்ர அகதிப் பேப்பரில இந்த ஊர் மட்டுந்தான். எல்லை தாண்டினாப் பொலிஸ் பிடிக்கும்.”

நானும் அகதியாய் வந்தவன். ஆனால் நினைத்தவுடன் மொன்றியல் போய்வந்து பழகியதில் இது என் புத்தியில் படவில்லை.

“உந்த ரிக்கற்றை வையுங்கோ. நீங்கள் இன்னும் எங்கட ஊர் ரயிலில ஏறேல்லைத்தானே,” என்றார்.

பத்தரைக்கு ஏறினோம். தண்டவாளம் மேலே, பெட்டி கீழே தொங்குகிறது, அதற்கும் கீழே ஆறு. பதின்மூன்று கிலோமீற்றர், ஆளுக்கு மூன்று மார்க். ரொறன்ரோவில் நிலத்துக்குள் ஓடுகிறோம், இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. இங்கே வீடுகளின் பின்பக்கமெல்லாம் தெரிந்தது: காயும் உடுப்பு, தொழிற்சாலைக் குழாய்கள், மலையேறும் கல்படிகள். எந்த ஏற்றத்தில் எத்தனை படி, எந்த வளைவில் பெட்டி ஆடும் என்று வசந்தி மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா நாலு வரிசை பின்னால் இருந்தார். தான் யன்னலைத்தான் பார்ப்பதாக அவர் எனக்கு முன்கூட்டியே அறிவித்திருந்தார்.

கடைசியில் ரயில் ஆற்றை விட்டு ஒரு தெருவின் மேலே போகிறது. வசந்தி எழும்பினார்.

“இதோட என்ர ஐரோப்பா முடிஞ்சுது.”

அதைக் கேட்டதும் எனக்கு வாய் வந்தது. “உங்களைக் கனடாவுக்குக் கூப்பிட எனக்கு விருப்பம். உங்களுக்கு?”

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “போய் அக்காட்டைச் சொல்லுங்கோ.”

ஆடும் பெட்டியில் நாலு வரிசை நடந்தேன்.

“என்ன தம்பி, என்னவாம்?”

“உங்களிட்டைச் சொல்லட்டாம், அக்கா.”

“அப்ப ஓம்தான். இறங்குங்கோ, கதவு பூட்டப்போறான்.”

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வசந்தி ஸ்டேசன் மேடைவரை வந்தார். ரயில் அசைந்தபோது கூடவே பத்தடி நடந்து, மேடை முடியுமிடத்தில் நின்றுகொண்டார். ரொறன்ரோ வந்த மறுநாளே வசந்தியின் விசாவுக்கு எழுதிப் போட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

ஸ்காபரோ, 16 பங்குனி 1997.