அம்மா மாற்றிப் போட்ட தகரம்

எங்கள் தாயாரின் ஆண்டுத் திதிக்கு மழையென்றும் சேறென்றும் பாராமல் மலையேறி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் பணிவான வணக்கம். இந்த நினைவு மலரில் அம்மாவைப் புகழ்ந்து எழுதும்படி எல்லோரும் சொன்னார்கள். கூட்டிப் புகழ்ந்தால், "இப்புடி எழுதச் சொல்லி ஒனக்கு யார்றா சொல்லிக் குடுத்தது?" என்று எங்கிருந்தாவது கேட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அம்மா யாரையும் நம்பாதவர். இன்று வந்திருப்பவர்களில் அவரால் சந்தேகிக்கப்படாதவர் ஒருவரும் இல்லை. நானும் அதில் அடக்கம்.

அம்மா பிறந்தது திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே மழையை நம்பிய ஒரு சிற்றூரில். பஞ்சம் பிழைக்கப் பெற்றோருடன் தோணியேறி, இலங்கைக் கரையில் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து வந்தபோது அவருக்குப் பால்பல் விழும் வயது. வழியில் காய்ச்சல் கண்டு அவருடைய தாயார் இறந்துபோனார். அடக்கம் செய்துவிட்டு மறுபடி நடக்கத் தொடங்கியபோது, கூட வந்தவர்களில் ஒருவர், "கொண்டா பாப்பா, நான் தூக்கியாறேன்" என்று அம்மாவின் தலையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டார். அந்த ஆளும் திரும்ப வரவில்லை, மூட்டையும் வரவில்லை. அதற்குள் இருந்தது தாயாரின் சேலை. அதன் பிறகு அம்மா தன் கையிலிருப்பதை யாரிடமும் கொடுத்ததில்லை. பிறர் கொடுப்பதை மோந்து பார்க்காமல் குடித்ததும் இல்லை. பச்சைத் தண்ணீரானாலும் முதலில் மூக்குக்குப் போய்த்தான் வாய்க்கு வரும்.

நமுனுகுல மலைச்சரிவிலுள்ள தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா, ஒரே அறை. கிழக்குக் கோடியில், எங்களுக்கு அடுத்த காம்பராவில், அப்பாவின் தங்கையான என் அத்தை குடும்பம். இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர், அதுவும் கூரை வரை எட்டாத சுவர். மேலே ஒரே தகரக் கூரை. அப்பா வயிற்றுக்கடுப்பில் காலமானார். அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்ததும் எங்கள் காம்பரா ஒழுகத் தொடங்கியது. நடுச்சுவரை ஒட்டி, சரியாக அடுப்பின் மேலேயே ஒழுகியது.

பெரிய கங்காணியிடம் முறையிட்டதில் ஆசாரி வந்து தார் பூசிவிட்டுப் போனார். அடுத்த மழைக்கு முன்னைவிட நன்றாக ஒழுகியது. மறுபடி முறையிட்டபோது கங்காணி, "காம்பரா புடிக்கலேன்னா ஆத்தோரத்துப் பழைய லயத்துக்குப் போயிடு" என்றார். ஆற்றோர லயம் ஈரம் காயாத மண்சுவர். அங்கே குடியிருந்தவர்களின் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் விட்டதே இல்லை. அப்பாவைப் பறிகொடுத்த அம்மாவுக்கு மிச்சமிருந்தது நான் ஒருவன்தான். அன்று வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்திலிருந்து திரும்பிய அவருடைய முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அம்மா யோசித்தார். நாங்கள் போனால் இந்தக் காம்பரா யாருக்குப் போகும்? அத்தை வீட்டில் ஆள் அதிகம், இடம் போதாது. அத்தையிடம் துணி காயப்போட நீளமான மூங்கில் கழி ஒன்றும் இருந்தது. அம்மாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"செவுத்துக்கு மேல அந்தக் கழிய வுட்டு நம்ம தகரத்தக் குத்துறாடா. நமக்கு முன்னாடியே கொழுந்து மலைய விட்டு வந்துடுறால்ல, எதுக்கு?" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அத்தை நாங்கள் இல்லாத நேரம் உள்ளே வருகிறாரோ என்ற எண்ணத்தில் அம்மா முதலில் கைவைத்தது கதவில். ஒரு பக்கம் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்த கதவு அது. பழைய தோல்வாரை வெட்டி, மடித்து, கீலுக்குப் பதிலாக வைத்து ஆணியடித்தார். விரலில் இரண்டு அடி விழுந்தது. கதவு நிலையோடு ஒட்டிச் சாத்தியபோது, அதைத் திறந்து திறந்து சாத்திப் பார்த்தார். ஆசாரியும் வேண்டாம், கங்காணியும் வேண்டாம், கை ஒன்று போதும் என்பது அன்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதுவரை அம்மா சந்தேகத்தை முணுமுணுப்பவர். மறுநாள் கொழுந்து நிறுக்குமிடத்தில் கணக்கப்பிள்ளையின் முகத்துக்கு நேரே, "முள்ளு இன்னும் நிக்கலீங்க, நிக்கட்டும்" என்றார். கணக்கப்பிள்ளை தராசு முள் நிற்கும்வரை பொறுத்திருந்து எடையைச் சொன்னார்.

பிறகு இரண்டு கம்புகளில் குறுக்குக் கட்டைகள் கட்டி ஏணி செய்தார். ஞாயிற்றுக்கிழமை லயத்துச் சனம் கடைத்தெருவுக்குப் போனதும் கூரையில் ஏறினார். பொம்பளை கூரையில் ஏறுவதாவது என்று வீட்டிலிருந்தவர்கள் வாய்பிளந்தார்கள். அவர் ஏறியது ஒழுகலை அடைக்க அல்ல, அத்தையைப் பிடிக்க. சாம்பலையும் களிமண்ணையும் குழைத்து எங்கள் தகரத்தின் ஓரம் நெடுகப் பூசினார். கீழேயிருந்து கழியால் குத்தினால் பூச்சு வெடித்துவிடும். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்பது கணக்கு.

அடுத்த மழைக்கும் ஒழுகியது. விடிந்ததும் ஏறிப் பார்த்தார். பூச்சு எங்கும் வெடித்திருக்கவில்லை. ஆனால் கரைந்து, தகரத்தின் ஓரத்துக்கு அடியில் உள்ளே இழுபட்டுப் போயிருந்தது. அம்மா வெகுநேரம் கூரையிலேயே உட்கார்ந்திருந்தார். அத்தை வீட்டுப் பக்கமிருந்து, கிழக்கேயிருந்து, சாரல் அவர் முகத்தில் அடித்தது. அப்போதுதான் விளங்கியது.

அப்பா இறப்பதற்குச் சற்று முன் மரக்கிளை விழுந்து நசுங்கியதால் அந்த ஒரு தகரத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். மாற்றிய ஆசாரி மலைக்கு அந்தப் பக்கம், மேற்கு மழை அடிக்கும் தோட்டங்களில் வேலை பழகியவர். பழகிய கையால், எங்கள் தகரத்தின் ஓரத்தை அத்தை வீட்டுத் தகரத்துக்கு மேலே வைத்து அடித்துவிட்டார். மலைக்கு இந்தப் பக்கமான நம் ஊவாவில் பெருமழை வருவது கிழக்கிலிருந்து. தகரத்தின் திறந்த ஓரத்துக்குள் காற்று தண்ணீரை நேரே தள்ளிக்கொண்டிருந்தது.

சரிசெய்ய வேண்டுமென்றால் அத்தை வீட்டுத் தகரத்தைத் தூக்கி எங்களுடையதற்கு மேலே போடவேண்டும். மேலே ஒருவர் இழுக்க, அத்தை காம்பராவுக்குள்ளிருந்து ஒருவர் முட்டுக்கொடுத்துத் தூக்கவேண்டும். அதாவது அத்தையிடம் போய்க் கேட்கவேண்டும். கூரையேறப் பயப்படாத அம்மா, அடுத்த வாசலுக்குப் போக இரண்டு நாள் தயங்கினார்.

கடைசியில் போய் விஷயத்தைச் சொன்னார். அத்தையும் லேசுப்பட்டவர் அல்ல.

"ஏன் மதினி, ஒங்க ஒழுகல எங்க பக்கம் தள்ளி வுடுறீங்களா?"

"தள்ளி வுடல புள்ள. தகரம் திருப்பிக் கெடக்கு. நீயே வந்து பாரு."

"எங்க தகரத்தப் பேத்துட்டு அப்புடியே வுட்டுட்டுப் போயிட்டா?"

"ஒழுகுச்சின்னா ஒம் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங் காம்பராவுக்கு வந்துடு. நான் ஆத்தோரத்துக்குப் போயிடுறேன்."

அத்தை, "அந்த எடத்துக்கு எதுக்குப் போறீங்க? எங்கண்ணன் புள்ளையவும் சாவக் குடுக்கவா?" என்று கேட்டுவிட்டு அழுதார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கழியை எடுத்தார். எந்தக் கழியா? அதே மூங்கில் கழிதான். அம்மா கூரையில் ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, "குத்து புள்ள! இன்னும் மேல குத்து!" என்று லயமே கேட்கும்படி கத்தினார். எந்தக் குத்துக்காக ஒரு மாதம் சந்தேகப்பட்டாரோ அந்தக் குத்தைத் தானே கேட்டு வாங்கினார். ஏணியைப் பிடித்திருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தகரம் மாறி விழுந்தது. பழைய ஆணித் துளைகளைத் தாரில் தோய்த்த சாக்குத் துண்டுகளால் அடைத்துக்கொண்டிருந்தபோது கங்காணி வந்துவிட்டார்.

"யாரக் கேட்டு தோட்டத்துக் கூரையில கைய வச்சே?"

"கேட்டுக் கேட்டுத்தாங்க அடுப்பு நனஞ்சி போச்சு. மழ வந்ததும் உள்ள வந்து பாருங்க. ஒழுகுச்சின்னா அன்னிக்கே ஆத்தோரத்துக்குப் போறேன்" என்றார் அம்மா, கூரையிலிருந்து இறங்காமலே.

மழை வந்தது. கங்காணியும் வந்தார். அண்ணாந்து பார்த்தார், சுவரைத் தடவிப் பார்த்தார். இரண்டு காம்பராவிலும் ஒரு சொட்டு இல்லை. ஆற்றோர லயத்தைப் பற்றி அதன் பிறகு யாரும் எங்களிடம் பேசவில்லை. நான் காய்ச்சலில்லாமல் வளர்ந்தேன்.

பிற்பாடு லயத்தில் கதவு சாய்ந்தால், கூரை ஒழுகினால், அம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். போவார்; செய்வார்; ஆணியை மட்டும் தானே கொண்டுபோவார், அவர்கள் ஆணியில் நம்பிக்கையில்லை. எனக்கு அத்தை மகளைப் பேசியபோதும், "எதுக்கு இம்புட்டு அவசரப்படுறா?" என்று ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்துதான் சம்மதித்தார். அத்தை கொடுத்த பலகாரத்தை மோந்து பார்ப்பதும் நிற்கவில்லை. அத்தை அதைப் பார்த்துச் சிரிப்பார்.

சென்ற மார்கழியில் அம்மா படுக்கையில் விழுந்தார். கடைசி நாள் காலை, மழை தகரத்தில் அறைந்துகொண்டிருந்தது. அத்தை கஞ்சி கொண்டுபோனார். சற்று நேரத்தில் காலிக் கிண்ணத்தோடு வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மதினி மோந்து பாக்காமக் குடிச்சிட்டாங்கடா. எனக்குப் பயமா இருக்கு."

அன்று பொழுது சாய்வதற்குள் அம்மா போய்விட்டார்.

குழி வெட்டிய தோட்டத்துச் சகோதரர்களுக்கும், கோடித் துணி கொடுத்து எனக்கு விடுப்பும் தந்த, நான் வேலை செய்யும் பதுளைக் கடை முதலாளி அவர்களுக்கும், பெட்டி செய்து தந்த ஆசாரியாருக்கும் எங்கள் நன்றி. ஆணிகளை நான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்ததை ஆசாரியார் தவறாக எண்ணவேண்டாம். நான் அம்மா பெற்ற பிள்ளை.

அதனால்தான் ஒரு சந்தேகம் என்னை வருஷம் முழுதும் அரித்தது. அத்தையை நம்பித்தான் குடித்தாரா, இல்லை மூக்கு செத்துப்போயிருந்ததா? இந்த மலருக்காக எழுத உட்கார்ந்தபோது அத்தையிடமே கேட்டேன்.

"மூக்கெல்லாம் நல்லாத்தான்டா இருந்துச்சு" என்றார் அத்தை. "முழுசாக் குடிச்சி முடிச்சிட்டு, 'அடி புடிச்ச வாட வருது புள்ள'ன்னு சொன்னாங்களே."

அந்த அடிபிடித்த கஞ்சிக்காக அத்தைக்கு எங்கள் குடும்பத்தின் சார்பில் கைகூப்பி நன்றி சொல்லிக்கொள்கிறேன்.