கதம்பை வரம்பு

வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு திருவட்டாறுக்கு வந்து சேர்ந்த என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை. போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு முற்றத்தைச் சுற்றி மூடாக்கு போடக் கிளம்பினார். மதில் ஓரமாகப் போட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். வீட்டுச் சுவரை ஒட்டி, தேங்காய் உரித்த கதம்பையைக் கவிழ்த்து வரம்பாக அடுக்கி, மேலே ரப்பர்ச் சருகைக் கொட்டினார். ஈரம் காயாதாம், களை முளைக்காதாம். தென்னை மூட்டில் கதம்பை போட்டுப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு மெத்தை போடுவதை அன்றுதான் பார்த்தேன்.

"சொவரு மூட்டுல சருகு கெடந்தா பூச்சி வந்து அடையும்," என்றேன்.

"ஏட்டி, ஒனக்கு எதைக் கண்டாலும் பயந்தான்," என்று சிரித்தார்.

பாம்பை நான் பூச்சி என்றுதான் சொல்வேன். பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்பார்கள். சொல்லாமலும் வந்தது.

மழைக்குப் பிறகு வரம்புக்குள் எலிகள் குடியேறின. கொஞ்ச நாளில் எலிச் சத்தம் நின்றுபோனது. அவருக்கு அதில் சந்தோஷம். எலியைத் தின்ன ஏதோ வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். மகள் வேலைக்குப் போவதால் பேரன் எங்களிடம் இருந்தான். நடை பழகிய புதிது. சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதம்பைமேல்தான் கால் வைத்து நடப்பான்.

ஒருநாள் சருகுக்கிடையில் பூச்சி உரித்த சட்டை கிடந்தது. என் கையைவிட நீளம்.

அன்று மாலையே வரம்பைப் பிரித்தோம். பக்கத்து வீட்டுத் தம்பி மண்வெட்டியால் கதம்பையைப் புரட்டிக்கொண்டே வந்தவர், "மைனி, பிள்ளையத் தூக்கிட்டு மாறி நில்லுங்க!" என்று கத்தினார். சங்கிலி வரைந்தது போன்ற உடம்பு. அணலி; கண்ணாடி விரியன் என்பார்களே, அதுதான். அடித்து முடிப்பதற்குள் சுவரடிப் பொந்தில் நுழைந்துவிட்டது.

"ஆள் அரவம் அடங்கினா அதுவே எறங்கி ரப்பர் தோட்டத்துக்குப் போவும்," என்றார் தம்பி.

போனதா என்று அறிய எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. வீட்டைச் சுற்றிப் பொடிமண் தூவி, வாரியலால் தூத்து வழுவழுவென்று நிரவிவிட்டேன். எறும்பு போனாலும் கோடு விழும். கதவிடுக்குகளில் துணி திணித்துவிட்டு, பிள்ளையை எங்கள் நடுவே கட்டிலில் கிடத்தினோம். எனக்குக் கண்ணே மூடவில்லை.

விடிந்ததும் இருவரும் வெளியே வந்து பார்த்தோம். மண் கலையவே இல்லை.

"பாத்தியா, ஒரு வரிகூட இல்ல. ஒண்ணும் வரல்ல," என்றார் அவர்.

"ஒண்ணும் போவவும் இல்லியே."

அவர் முகம் செத்துப்போனது. அந்தப் பொந்துக்கு மறுபக்கம் எங்கள் அடுக்களை.

அப்போதுதான் உள்ளே தொப்பென்று சத்தம். பிள்ளை கட்டிலிலிருந்து இறங்கிவிட்டான். அடுக்களைப் பக்கமாக அவன் கால்கள் தப்புத் தப்பென்று போவது கேட்டது. ஓடிப்போய் வாரி எடுத்து இடுப்பில் இறுக்கிக்கொண்டேன். இறக்கிவிடச் சொல்லிக் காலை உதைத்து அழுதான்.

எந்தத் தரையில் விடுவேன்?