அறுபத்தைந்தாவது சங்கீதம்

தேவநேசனுக்குப் பாட வராது. இதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. வீட்டு ஸ்பீக்கரில் எந்நேரமும் யாராவது ஒரு பெரிய வித்வான் பாடிக்கொண்டிருப்பார். இவர் கூடவே முனகுவதெல்லாம் அதில் அமுங்கிப் போய்விடும்.

விழுப்புரத்தில் மின்வாரிய அலுவலகத்தில் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற மனிதர். வேலையில் இருந்த காலத்தில் சாயங்கால ரேடியோக் கச்சேரி கேட்டுக் கேட்டுப் பிடித்த பைத்தியம் அது. அவர் வம்சத்தில் யாருக்கும் இல்லாத பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போவார், காணிக்கை போடுவார், பிரசங்கத்தில் ஒழுங்காகத் தூங்குவார். மற்ற ஆறு நாளும் தோடி, காம்போதி, கல்யாணிதான். பெற்ற மகளுக்கே இசைவாணி என்று பெயர் வைத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயர் ஞானஸ்நானம் கொடுக்கும்போது இரண்டு தடவை பெயரைக் கேட்டாராம்.

வினை வந்தது மனைவி எப்சிபாவின் வாயால். திண்டிவனத்தில் சபைப் பெண்கள் கூட்டம் ஒன்றுக்குப் போன இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் மனம் விட்டுப் புலம்பியிருக்கிறாள்.

“எங்கூட்டுக்காரர ஒண்ணும் கேக்காதீங்க. காலையில கண்ணு முழிச்சா சங்கீதம். சோறு துன்னும்போது சங்கீதம். ராவுல படுக்கிற வரைக்கும் சங்கீதந்தான். எனக்குப் பேஜாராப் பூடுதுங்க.”

கேட்டவள் திண்டிவனம் சபை மூப்பர் ஞானசிகாமணியின் மனைவி. கிறிஸ்தவ வீடுகளில் சங்கீதம் என்றால் கச்சேரி இல்லை; பைபிளில் தாவீது ராஜா பெயரில் இருக்கும் நூற்றைம்பது துதிப்பாடல்கள். அந்த அம்மாளுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்திமானா, அவரைக் கட்டிக்கொண்டு இந்தப் பொம்பளை குறை சொல்கிறாளே என்று நினைத்தபடி வீடு போய்ச் சேர்ந்தாள்.

இதில் இன்னொரு விஷயம் இருந்தது. மூப்பரின் மகன் அலெக்ஸும் இசைவாணியும் வேலைக்குப் போகும் ரயிலில் பழகி, ஒருவரை ஒருவர் விரும்பிக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத குடும்பத்தில் பெண் எடுக்கிறதாவது என்று அதுவரை குதித்துக்கொண்டிருந்த ஞானசிகாமணி, பெண்ணின் அப்பா சங்கீதக்காரர் என்று கேள்விப்பட்டதும் இறங்கி வந்துவிட்டார். தானே போன் போட்டு, “உங்கள மாதிரி ஒரு சம்பந்தி கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணுங்க” என்றார். தேவநேசன் உச்சி குளிர்ந்து போனார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மனிதர் தன் ரசனையைப் புரிந்துகொண்டார் என்று நினைத்தார், பாவம்.

விஷயத்தை உடைத்தவள் இசைவாணி. “அப்பா, அவரு பைபிள் சங்கீதம்னு நெனச்சிக்கினு இருக்காரு. ராமா, கிருஷ்ணான்னு நம்ம வூட்டுல கேட்டார்னா கதை முடிஞ்சிடும். அலெக்ஸ் இல்லன்னா நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன், சொல்லிட்டேன்.” சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

மூப்பருக்கு வேறு, விழுப்புரத்துக்கு எந்த வேலையாக வந்தாலும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும் பழக்கம். “பாட்ட நிறுத்திடுங்க” என்றாள் எப்சிபா. அது மூச்சை நிறுத்தச் சொல்வது போல. கடைசியில் வீட்டுக்குள் ஒரு சமரசம் ஆயிற்று. காதில் மாட்டிக்கொண்டு கேட்கட்டும். வெளியே ஒரு பொட்டுச் சத்தம் வரக்கூடாது.

பழைய பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு கடை. அங்கே கலைப்பிரியா என்ற பெண் ஹெட்போன்களை வரிசையாக எடுத்து வைத்தாள். “இது எடுத்துக்குங்க சார், பேஸ் பின்னும்.”

தேவநேசன் தன் போனிலிருந்து ஒரு தனி ஆவர்த்தனத்தைப் போட்டுக் கேட்டார். முகம் சுளித்தார். “மிருதங்கம் வாசிக்கிறாப்பல இல்லம்மா. மல்லாட்ட மூட்டைய லாரியிலேர்ந்து உருட்டி வுடுறாப்பல இருக்குது.”

அடுத்ததில் பின்பக்கம் சல்லடை போட்டாற்போலத் திறப்பு இருந்தது. மாட்டியதும் அவர் முகம் மலர்ந்தது. தம்பூரா எங்கோ பின்னால், பாடகர் நேர் எதிரில், வயலின் இடது கைப் பக்கம். மேடைக்கு எதிரே முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தது போல இருந்தது. “தம்பூரா எவ்ளோ சுத்தமா கேக்குது, பாத்தியா?” என்றார்.

“எனக்கும் கேக்குது சார்” என்றாள் கலைப்பிரியா, மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

போயிற்று. மனசே இல்லாமல் அதைக் கழற்றி வைத்தார். மூன்றாவதாக வந்தது வயர் இல்லாதது, காதை முழுசாக மூடுவது, வெளிச்சத்தத்தை உள்ளே விடாதது. மாட்டியவுடன் பஸ் ஹாரன், கண்டக்டர் கூச்சல், தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறி எல்லாம் அற்றுப் போயின. கலைப்பிரியா “சார், சார்” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. “இதான்! இதையே குடு!” என்று அவர் போட்ட சத்தத்தில், போனுக்கு உறை வாங்க வந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அந்தப் பெண் சிரித்தாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை. வியாபாரம் ஆகும் நேரத்தில் யார்தான் சொல்வார்கள்?

அன்றிலிருந்து வீட்டில் வித்வான்களின் குரல் அடங்கியது. தேவநேசனின் குரல் தெருவுக்கு வந்தது. தன் காதுக்கே தன் சத்தம் எட்டாததால், முனகிக்கொண்டிருந்தவர் இப்போது வாயைப் பிளந்து ஆலாபனை செய்தார். “தரி னா… ததரி ன னா…” பக்கத்து வீட்டு வீரம்மாள் வந்து, “யாருக்கு ஒடம்பு முடியல?” என்று கேட்டுவிட்டுப் போனாள். கணவரிடம் சொல்லிவிடலாமா என்றுதான் எப்சிபாவுக்கு இருந்தது. ஆனால் மனிதர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சாமி பெயர் எதுவும் வாயில் வரவில்லை, தொலையட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நிச்சயத்துக்குத் தேதி குறிக்க ஞானசிகாமணி வந்து இறங்கினார். வழக்கம்போலச் சொல்லாமல்தான். தேவநேசன் கூடத்தில் கண்ணை மூடி, கன்னத்தில் கண்ணீர் வழிய, கை தொடையில் தாளம் போட, கல்யாணியில் உருகிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தபோது எதிரே மூப்பர் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார்.

தூக்கிவாரிப் போட்டது. ஹெட்போனை உருவிவிட்டு எழுந்தார். “ஐயா, என்னாங்க இது, எந்திரிங்க!”

“உங்களுக்குள்ள இப்படி ஒரு அபிஷேகமா! ஆவி எறங்கினவங்க பேசற அந்நிய பாஷை இல்ல பேசறீங்க?” என்றார் மூப்பர், எழுந்திருக்காமலே. “எத்தனாவது சங்கீதங்க அது?”

சமையலறை வாசலில் எப்சிபா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பொய் சொல்லத் தேவநேசனுக்கு நாக்கு எழவில்லை. உண்மையைச் சொன்னால் மகள் வாழ்க்கை போச்சு. மேளகர்த்தா ராக வரிசையில் கல்யாணி எத்தனையாவதோ அதைச் சொன்னார். “அறுபத்தஞ்சுங்க.”

“நானும் கொஞ்சம் கேக்குறேன்” என்று ஞானசிகாமணி ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். வார்த்தையில்லாத ராகம் ஓடிக்கொண்டிருந்தது. “மூல பாஷையா? எபிரெயமா?” என்று கத்தினார். பதில் எதுவும் அவர் காதில் விழப்போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

தேவநேசன் மனசுக்குள் கணக்குப் போட்டார். பாடகரின் ராகத்துக்குப் பின்னால் வரும் வயலினும் இந்நேரம் முடிந்துகொண்டிருக்கும். அடுத்தது பாட்டு. பாட்டின் முதல் வார்த்தையே அம்மன் பெயர். “போதுங்கய்யா, காபி சாப்பிடுங்க” என்றார். அசைவில்லை. தோளைத் தொடக் கூச்சமாக இருந்தது. சம்பந்தி ஆகப்போகிறவர் தலையிலிருந்து எதையாவது பிடுங்க முடியுமா? நிறுத்தலாம் என்றால் போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்தது. “எப்சிபா, ஜல்தியா அத்த நிறுத்து” என்றார். அவள் ஓடிப் போய், எதை அழுத்துவது என்று தெரியாமல் சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.

மூப்பரின் கண்கள் திறந்தன. கொஞ்ச நேரம் அப்படியே கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? தேவநேசன் கை கூப்பினார். “ஐயா, அது தாவீது ராஜா பாடினது இல்ல. கர்நாடக சங்கீதம். எனக்கு அதான் உசுரு. உங்ககிட்ட மறைச்சது தப்பு, என்னைத் திட்டுங்க, அடிங்க. எம்பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. அவள வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

ஞானசிகாமணி எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“எங்க மூணு பேருக்குந்தாங்க. அலெக்ஸ் தம்பிக்கும்.”

“அதோட நிக்கட்டும்.” மூப்பர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “நான் திண்டிவனம் பூரா, சங்கீதக்காரரு எனக்குச் சம்பந்தின்னு சொல்லிக்கினு திரியுறேன். ஆயரு மே மாசக் கன்வென்ஷன் கூட்டத்துக்கு நோட்டீசே அடிச்சிட்டாரு. மூணு நாளும் சங்கீதங்களப் பத்திப் பேசறது நீங்கதான். இப்பப் போயி அது வேற சங்கீதம்னு சொன்னா என் மொகத்த எங்க வச்சிக்கிறது?”

“பேசறதா? எனக்கு அதுல ஒண்ணுமே தெரியாதுங்களே!”

“நூத்தம்பதுதான இருக்குது. கத்துக்குங்க. கன்வென்ஷன் நல்லபடியா முடிஞ்ச மறுவாரம் கல்யாணம். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் பஸ் ஏறிடுறேன்.”

எப்சிபா கணவனைப் பார்த்தாள். தேவநேசன் மூடிய கதவைப் பார்த்தார். “கத்துக்கிறேங்க” என்றார்.

திங்கட்கிழமையிலிருந்து தேவநேசன் அதே நாற்காலியில் ஹெட்போனோடு உட்கார்ந்தார். போனில் பைபிளை ஒருவர் வாசிப்பது வந்தது. பாட்டு இல்லை, வாசிப்பு. இவரும் கூடவே வாயசைத்தார். கண்ணை மூடவில்லை, கை தாளம் போடவில்லை. தெருவுக்கு ஒரு சத்தமும் வரவில்லை. வேலை முடிந்து வந்த இசைவாணி அவர் எதிரே தரையில் உட்கார்ந்து, ஒரு பக்கத்து மூடியை மட்டும் விலக்கினாள்.

“எப்டிப்பா இருக்குது?”

“நல்லா தெளிவாத்தான் கேக்குது” என்றார் தேவநேசன். “வாசிக்கிறவருக்கு ஜலதோஷம். பக்கத்துக்குப் பக்கம் மூக்க உறிஞ்சுறாரு.”

அவள் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். அவர் மகள் தலையை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு, மூடியைத் திரும்பக் காதில் பொருத்திக்கொண்டு அடுத்த சங்கீதத்தைப் போட்டார்.